நாகர்கோவில் மூட்டுவாத கிளினிக்: அக்காவோடு பதினாறு மாதம்

இருபத்திரண்டு படிகள். நான் எண்ணவில்லை, அக்கா எண்ணினாள். முழங்காலும் கணுக்காலும் வீங்கியவர்கள் தேடி வருகிற டாக்டர் மாடியில் இருக்கிறார், லிஃப்ட் கிடையாது. போன வருடம் முதல் தடவை போனபோது அக்கா பன்னிரண்டாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீ போயி டோக்கன் போடு மக்கா, நான் மெள்ள வாறேன்" என்றாள். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைத்திருப்பது அந்தப் படிகளுக்காகத்தான். மற்ற நான்கையும் முழு மனதோடு கொடுக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அக்காவுக்கு என்ன நோய், அது ஏன் எங்கள் வீட்டுப் பெண்களுக்கே வருகிறது என்று இரண்டரை வருடமாக யாரும் பதில் சொல்லாத கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது.

நான் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவன். அக்காவைத் திருவட்டாறில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். நாற்பத்தி மூன்று வயதில் அவளுக்கு முதலில் வந்தது கைவிரல் வலி. தைக்கிற வேலை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் முகத்தில் சிவப்பு. கன்னம் இரண்டிலும் பரவி மூக்கின் மேல் ஒன்று சேர்ந்தது. வெயில் என்றார்கள், முகத்துக்குப் போட்ட கிரீம் என்றார்கள். மாமியார் நாகதோஷம் என்றார். நாகராஜா கோவிலில் ஆவணி ஞாயிறு நான்கு வாரமும் வரிசையில் நின்று பால் ஊற்றினோம். அந்த வரிசையில் வெயிலில் நின்ற நாட்களில்தான் சிவப்பு இன்னும் கூடியது என்பது பின்னால் யோசித்தபோதுதான் விளங்கியது. கோவிலைக் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மை (அம்மா) இப்போதும் ஆயில்யத்துக்குப் போகிறாள். வெயில்தான் இந்த நோய்க்கு ஆகாது என்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நடுவில் மூன்று டாக்டர்கள், ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். ஓரிடத்தில் சிக்குன்குனியா வந்துபோன வலி என்றார்கள். இன்னோரிடத்தில் வாராவாரம் ஊசி போட்டார்கள், போட்ட இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி. "மனசுல எதாவது கவலை இருக்காம்மா?" என்று ஒருவர் அக்காவிடம் கேட்டார். தலைமுடி கைப்பிடியாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கவலை இல்லாமல் என்ன செய்யும்?

கடைசியில் தக்கலையில் எங்கள் குடும்ப டாக்டர்தான் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்குகிறதா என்று துப்பு தருகிற ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, மூட்டுவாதத்துக்கான ரூமட்டாலஜி படித்தவரிடம் போங்கள் என்று இந்த கிளினிக்கைக் காட்டினார்.

முதல் நாள் டாக்டர் அக்காவோடு நாற்பது நிமிடம் இருந்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது. பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கினார். அக்காவை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி முகத்தைப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். "இங்க பாருங்க. கன்னம் சிவப்பு, மூக்கு சிவப்பு. ஆனா மூக்கோரத்துல இருந்து வாய்க்கு இறங்குற இந்த மடிப்புல மட்டும் சிவப்பு இல்ல." இரண்டரை வருடம் தினமும் பார்த்த முகம். அந்த மடிப்பு மட்டும் வெளுப்பாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் புண் இருந்தது. வலிக்காத புண், அக்காவுக்கே தெரியாது. நகத்தின் அடியைப் பார்த்தார், காலை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்தார், சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று கேட்டார். லூபஸ் என்ற பேரை அன்றுதான் கேட்டோம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய். சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் சிக்கல், அதனால்தான் இங்கே ஒவ்வொரு தடவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள். பதினாறு மாதத்தில் ஒரு தடவைகூட அதை விட்டதில்லை.

எச்.சி.க்யூ. (ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்) மாத்திரை கொடுத்தார். மலேரியாவுக்கு வந்த மாத்திரை, கொரோனா காலத்தில் பேர் அடிபட்டதே, அதுதான். எடை பார்த்துத்தான் அளவு எழுதினார். பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் குணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கண் விழித்திரைக்கு வருடா வருடம் பரிசோதனை வேண்டும் என்று தனிச்சீட்டில் எழுதி பைலில் குத்திவிட்டார். மூன்றாம் மாதம் அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அதற்கு மேல் சிகிச்சையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

காத்திருக்கிற கூடத்தில் நாற்காலிகள் இரண்டு வரிசை. இரண்டாம் தடவை போனபோது பொழுது போகாமல் எண்ணினேன். நோயாளிகள் பதினாறு பேர், அதில் பதினான்கு பேர் பெண்கள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரிக்கிறவர். விரல் மொளிகள் எல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கை மடங்காது என்றார். எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தது. சித்தியும் அண்டி ஆபீசில் இருந்தவள்தான், அவளுக்கும் சரவாங்கி, மூட்டுகளை வீங்க வைக்கிற முடக்குவாதம். அண்டி வறுக்கிற சூட்டிலும் எண்ணெயிலும் வந்தது என்றே கடைசி வரை நம்பினோம். அம்மைக்கு தைராய்டு. அதுவும் எதிர்ப்பு சக்தி தைராய்டைத் தாக்குகிற வகைதான் என்று பின்னால் தெரிந்தது. அம்மை, சித்தி, அக்கா. அப்பாவுக்கு இல்லை, மாமனுக்கு இல்லை, எனக்கு இல்லை.

திருவட்டாறு வீட்டில் அக்காவின் மாமியார் இதைத்தான் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். "அம்மைக்கு ஒண்ணு, சித்திக்கு ஒண்ணு, இப்போ இவளுக்கு. அந்த வீட்டுப் பொம்பளைகளுக்கு உள்ள சாபம்." அக்கா எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் அவள் மகள், ப்ளஸ் ஒன் படிக்கிறவள், ஒரு நாள் போனில் என்னிடம் கேட்டாள்: "மாமா, எனக்கும் வருமா?"

நான் பதில் சொல்லவில்லை. தெரிந்தால்தானே. அடுத்த தடவை அவளுக்கு லீவு போடச் சொல்லி காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். பார்வதிபுரம் மேம்பாலம் வரை அவள் வாய் திறக்கவில்லை.

டாக்டர் அக்காவைப் பார்த்து முடித்த பிறகு கேட்டேன். "மேடம், பொம்பளைகளுக்கு மட்டும் ஏன் இப்படி வருது?" அவர் கோபப்படவில்லை, மணியைப் பார்க்கவும் இல்லை. பிள்ளையைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி, எக்ஸ்-ரே கவரைத் திருப்பி அதன் பின்னால் படம் போட்டார். அந்தக் கவர் இப்போது அவள் புத்தகப் பையில் இருக்கிறது.

எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே அடிக்கிற இந்த வகை நோய்களுக்கு ஆட்டோஇம்யூன் என்று பேர். உலகம் முழுக்கவே ஆட்டோஇம்யூன் நோய்க்காரர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், லூபஸில் பத்துக்கு ஒன்பது. சரவாங்கியில் ஆணை விடப் பெண்ணுக்கு இரண்டு மூன்று மடங்கு. எங்கள் வீட்டுக்கென்று வந்த கணக்கு இல்லை இது. எல்லா நோயும் இப்படியும் இல்லை. அன்று வெளியே ஒரு கல்லூரிப் பையன் முதுகு இறுகி நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தான். முதுகெலும்பு இறுகுகிற அந்த நோய் ஆண்களுக்குத்தான் அதிகம் என்றார்.

ஹார்மோன் ஒரு காரணம். பிரசவம் ஒரு காரணம். சிலருக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சரவாங்கி தணிந்து, பெற்ற பிறகு திரும்பி வரும். ஆனால் அது மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, கவரில் பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ் என்று இரண்டு எழுத்தும், தள்ளி ஆணுக்கு எக்ஸ், ஒய் என்றும் எழுதினார். மருமகளுக்கு, அக்கா மகளுக்கு, அது பாடத்தில் உள்ளது, தலையை ஆட்டினாள். செல்லுக்குள் ஜீன்களைச் சுமக்கிற இழைகள்தான் குரோமோசோம், அதில் இரண்டு இவை. எக்ஸ் குரோமோசோமில் புரதம் உண்டாக்குகிற ஜீன்கள் 800-க்கு மேல். ஒய்யில் அதில் சின்னப் பங்குதான். எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட ஜீன்கள் எக்ஸில் நிறைய. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. இரண்டும் வேலை செய்தால் எல்லாமே இரட்டிப்பாகிவிடும். அதனால் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அடைக்கப்பட்டுவிடுகிறது. அம்மா கொடுத்ததா அப்பா கொடுத்ததா என்பது செல்லுக்கு செல் மாறும். இதை 1961-இல் முதலில் எடுத்துச் சொன்னவர் மேரி லயன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, பெண்.

சரி, அடைத்துவிட்டால் முடிந்ததே என்று நினைத்தேன். முழுசாக அடைபடுவதில்லையாம். நூறில் பதினைந்து ஜீனாவது கொஞ்சம் திறந்தே இருக்கும். அப்படித் தப்புகிறவற்றில் ஒன்று டி.எல்.ஆர்.7. வைரஸ் உள்ளே வந்தால் மோப்பம் பிடித்துச் சத்தம் போடுகிற ஜீன். பெண்ணின் சில எதிர்ப்பு செல்களில் அது இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்யும். கிருமி வரும்போது நல்லது, பெண்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பு நன்றாகவே உண்டாகிறது. ஆனால் அதே சத்தம் உடம்புக்கு எதிராகத் திரும்பினால் லூபஸ். ஸ்பெயினில் ஒரு சிறுமிக்கு இந்த ஒரு ஜீனில் ஒரே ஒரு இடம் மாறியிருந்ததே லூபஸுக்குக் காரணம் என்று 2022-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது, அது அபூர்வம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"அப்போ ஆம்பளைக்கு ரெண்டு எக்ஸ் இருந்தா?" மருமகள்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்காது. டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அப்படிச் சில ஆண்கள் பிறக்கிறார்கள், எக்ஸ் எக்ஸ் ஒய். அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களை விடச் சுமார் 14 மடங்கு, ஏறக்குறைய பெண்கள் அளவுக்கு. ஆண் உடம்புதான், ஆனாலும் இரண்டாவது எக்ஸ் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த இரண்டாவது எக்ஸை அடைப்பது எது? அந்த எக்ஸிலிருந்தே எக்ஸிஸ்ட் என்ற ஒரு நீளமான ஆர்.என்.ஏ. இழை கிளம்பி, அதே குரோமோசோமைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. அதோடு 80-க்கும் மேற்பட்ட புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. டாக்டர் பேனாவால் கிறுக்கிக் கிறுக்கிச் சுற்றிக் காட்டினார். நான் சொன்னேன், "ஜாதிக்காயில பத்திரி சுத்தி இருக்கது மாதிரியா மேடம்?"

எங்கள் விளையில் நாலு ஜாதி மரம் நிற்கிறது. காய் வெடித்தால் உள்ளே கறுத்த கொட்டை, அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை மாதிரி பத்திரி. கொட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும், ஆனால் மூடாது. விரலுக்கு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் கறுப்பு தெரியும். நகத்தால் மெதுவாகக் கிளப்பினால்தான் உடையாமல் வரும், அம்மை அதில் கெட்டிக்காரி. டாக்டர் ஒரு நொடி யோசித்து, "அதேதான், சந்துல ஜீன் தெரியுது பாருங்க, அதுதான் தப்பிக்கிற பதினஞ்சு" என்றார். இனிமேல் வருகிறவர்களுக்கும் ஜாதிக்காய் வைத்தே சொல்வேன் என்றார். அடுத்த தடவை ஒரு கொட்டையைப் பத்திரியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன், மேசையில் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.

செல் செத்து உடையும்போது இந்தப் பத்திரியும் அதில் ஒட்டிய புரதங்களும் வெளியே சிதறும். எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்து அந்நியம் என்று நினைத்துவிடலாம். எக்ஸிஸ்டும் புரதங்களும் சேர்ந்த இந்தக் கட்டே ஆண் உடம்பில் கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் ஹோவர்ட் சாங் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஆண் எலிகளுக்குள் இந்த எக்ஸிஸ்ட் உண்டாகும்படி செய்து பார்த்தார்கள், 2024-இல் வெளிவந்தது. லூபஸ் போன்ற நோயைக் கிளப்புகிற ஒரு எண்ணெயை ஊசியில் ஏற்றியபோது அந்த ஆண் எலிகளுக்குக் கிட்டத்தட்ட பெண் எலிகள் அளவுக்கு நோய் வந்தது. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்திலும் இந்தக் கட்டில் உள்ள புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பு சக்தி உண்டாக்கிய ஆன்டிபாடிகள் இருந்தன.

டாக்டர் பிள்ளையைப் பார்த்து மெதுவாகச் சொன்னது இது. எண்ணெய் ஏற்றாத ஆண் எலிக்கு எக்ஸிஸ்ட் இருந்தும் நோய் வரவில்லை. இயல்பிலேயே லூபஸுக்கு அசையாத எலி இனத்தில் எண்ணெய் ஏற்றியும் வரவில்லை. ஒரே கரு பிளந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்கு லூபஸ் என்றால்கூட, மற்றவளுக்கு வராமல் இருப்பதுதான் அதிகம். "உங்க அம்மாவுக்கு இருக்கிறதால உனக்கு வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனா வராமப் போறதுதான் அதிகம். மூட்டு வீங்கினா, வெயில் பட்டு முகம் சிவந்தா உடனே வா. ரெண்டரை வருஷம் அலையாதே. அவ்வளவுதான் நீ செய்யணும்." இப்போதே பரிசோதனை எடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றார். ஒரு தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரும், தேவையில்லாமல் பயந்து போவீர்கள் என்றார். லேப் வருமானம் வேண்டுமென்றால் எழுதியிருக்கலாம்.

அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். "மேடம், இது எங்க அம்மை வீட்டுல இருந்து வந்ததுதானே?" கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. டாக்டர் கவரில் இன்னும் இரண்டு கோடு போட்டார். "உங்களுக்கு ரெண்டு எக்ஸ். ஒண்ணு அம்மா தந்தது, இன்னொண்ணு அப்பா தந்தது. உங்க தம்பிக்கு அம்மா தந்த ஒண்ணு மட்டும்." அம்மை கொடுத்தது எனக்குள்ளும் இருக்கிறது. அக்காவுக்கு வந்த அந்த இரண்டாவது எக்ஸ், அப்பா கொடுத்தது. எக்ஸ் தவிர மற்ற குரோமோசோம்களிலும் இந்த நோய்க்கு வழிவிடுகிற ஜீன்கள் சின்னச் சின்னதாக நிறைய உண்டு, அவை இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வரும். இதில் ஒரு வீட்டைக் குறை சொல்ல வழியே இல்லை.

மருமகள் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது தக்கலை வந்ததும் பின் சீட்டிலிருந்து சொன்னாள்: "மாமா, எனக்க ஒரு எக்ஸ் அப்பா தந்தது. அப்பாக்கு ஒரே எக்ஸ்தான் உண்டு, அதைத் தந்தது பாட்டி. அப்போ பாட்டிக்க எக்ஸ்தான் எனக்க கிட்ட இருக்கு." அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது, நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய் அவள் பாட்டியிடம் சண்டைக்குப் போகவில்லை. கவரை விரித்து வைத்து, பாட்டிக்குப் புரிகிற மாதிரி விரல் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லையாம். இரண்டு மாதம் கழித்து அக்காவோடு கிளினிக்குக்கு வந்தது மாமியார்தான். குடை பிடித்துக்கொண்டு, "வெயிலு ஆகாது, இங்க நில்லு பிள்ளே" என்று சொல்லி அவளை நிழல் பக்கம் விட்டு நடந்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படி முதல் குறை. டாக்டரிடமே சொன்னேன், கீழே இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார், பதினாறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனில் டோக்கன் கிடைப்பது பெரும்பாடு, காலை ஏழு மணிக்கு அடித்தால் எட்டரைக்குத்தான் எடுப்பார்கள். டோக்கன் நேரத்தை நம்பிப் போகாதீர்கள், இரண்டு மணி நேரம் கூட்டிக் கொள்ளுங்கள். கன்சல்டிங் 500 ரூபாய், இவ்வளவு நேரம் பார்ப்பதற்கு அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ரத்தப் பரிசோதனைகள் கனக்கும், முதல் மாதம் நாங்கள் ஒரு நகையை வைத்தோம். எதை இப்போது எடுக்க வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்று கேளுங்கள், கேட்டால் பிரித்துச் சொல்கிறார்.

இன்னொன்று. சரவாங்கிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இங்கே சிஸ்டர் சீட்டில் கிழமையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, நோயாளியைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறார். அந்த அண்டி ஆபீஸ் அக்காவை "ஞாயித்துக்கிழம, ஞாயித்துக்கிழம" என்று மூன்று தடவை சொல்ல வைத்ததை நானே கேட்டேன். மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிற இடங்களைப் பார்த்தவன் நான், அதனால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

போகிறவர்கள் பழைய சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். முகத்தில் சிவப்பு வந்து போகிறது என்றால் வந்திருக்கும் நாளிலேயே போனில் படம் எடுத்து வையுங்கள், நாங்கள் எடுக்காமல் விட்டோம். மாடி ஏற முடியாதவர்கள் கீழே மருந்துக்கடையில் சொன்னால் போதும், சிஸ்டர் இறங்கி வந்து கைத்தாங்கலாக ஏற்றுவார். அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை.

அக்கா இப்போது நிற்காமல் ஏறுகிறாள். போன தடவையும் எண்ணினாள், இருபத்திரண்டுதான்.